பட்ஜிஸ், காக்டீல் பிரீடிங்: முட்டை வரலயா, வந்தும் பொரியலயா, பொரிஞ்சும் நிக்கலயா?

புதுசா கிளி பிரீடிங் ஆரம்பிச்சு ஏதோ ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறவங்களுக்காக இது. முழுசா படிக்கணும்னு கட்டாயம் இல்ல, உங்க கூண்டுல என்ன நடக்குதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க. நான் பேசப்போறது பெரும்பாலும் பட்ஜிஸ் (நிறைய பேர் லவ் பேர்ட்ஸ்னு சொல்ற சின்னக் கிளி), காக்டீல், அப்புறம் கொஞ்சம் ஆஃப்ரிக்கன் லவ் பேர்ட்ஸ். மக்காவ், ஆஃப்ரிக்கன் கிரே மாதிரி பெருசுங்க இதுல இல்ல, தயவுசெஞ்சு முதல் பிரீடிங்க அதுல ஆரம்பிக்கவும் ஆரம்பிக்காதீங்க.

எந்தச் சிக்கலா இருந்தாலும் பாக்ஸ (முட்டை போட மாட்டுற கூட்டுப் பெட்டி) திறந்து நோண்டுறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாருங்க: ஆண் பெட்டை சரியா இருக்கா, வயசு ஆயிடுச்சா, என்ன சாப்பிடுது, கூண்டு எங்க இருக்கு. பத்துல ஏழெட்டு புகார் இந்த நாலுக்குள்ளயே முடிஞ்சிடும். பாக்ஸ்ங்கிறது கடைசியா மாட்ட வேண்டிய சாமான், ஆனா எல்லாரும் பறவையோட சேத்து அன்னைக்கே அதையும் வாங்கி மாட்டிடுறாங்க.

ஜோடி ஒட்டி ஒட்டி உக்காருது, வாய்க்கு வாய் ஊட்டுது, ஆனா மாசக்கணக்கா முட்டையே இல்ல

முதல் சந்தேகம், ரெண்டும் ஆணா இருக்கலாம். ரெண்டு ஆண் பட்ஜிஸ ஒண்ணா விட்டா அதுவும் கொஞ்சும், ஊட்டும், தலைய கோதிவிடும், பாக்குறவங்க சூப்பர் ஜோடின்னு நினைச்சுக்குவாங்க. பட்ஜில மூக்குக்கு மேல இருக்குற தடிச்ச தோல பாருங்க, வளந்த ஆணுக்கு அது பளிச்சுன்னு நீலமா இருக்கும், பெட்டைக்கு பழுப்பு நிறம், இல்லன்னா வெளுத்த நீலத்துல மூக்கு ஓட்டைய சுத்தி வெள்ளை வளையம். குஞ்சா இருக்கும்போது ரெண்டுக்குமே ரோஸ் கலர்தான், அப்பவும் பெட்டைக்கு அந்த வெள்ளை வளையம் லேசா தெரியும். இதுல ஒரு வில்லங்கம் இருக்கு, லூட்டினோ (முழு மஞ்சள்), அல்பினோ (முழு வெள்ளை), ரிசெஸிவ் பைட் (திட்டுத்திட்டா கலர்) ரகத்துல ஆணுக்கு எத்தனை வயசானாலும் நீலம் வராது, ரோஸ் இல்லன்னா ஊதா கலர்லயே நின்னுடும். அதப் பாத்துட்டு பெட்டைன்னு வாங்கிட்டு வர்றவங்க ஏராளம்.

காக்டீல்ல சாம்பல் கலரா இருந்தா ஈஸி. ஆணுக்கு முகம் நல்ல மஞ்சள், விசிலடிச்சுக்கிட்டே இருக்கும், சிறகு ரெண்டையும் லேசா தூக்கி கெத்து காட்டும். பெட்டைக்கு முகம் மங்கலா, வாலுக்கு அடியில மஞ்சள் கோடு கோடா இருக்கும். ஆனா முதல் தடவை இறகு உதிர்த்து முடிக்கிற வரைக்கும் எல்லாக் குஞ்சும் பெட்டை மாதிரியேதான் இருக்கும், அதனால நாலு மாசக் குஞ்ச கலர வச்சு முடிவு பண்ணாதீங்க. ஆஃப்ரிக்கன் லவ் பேர்ட்ஸ்ல சாதாரணமா வளக்குற பீச் ஃபேஸ், மாஸ்க்டு, ஃபிஷர் மூணுலயும் கண்ணால பாத்து சொல்ல முடியாது. பீச் ஃபேஸ் பெட்டை பேப்பர நீளநீளமா கிழிச்சு இடுப்பு இறகுக்குள்ள சொருகிட்டுப் போகும், அது ஒரு நல்ல அடையாளம், ஆனாலும் உறுதியா வேணும்னா இறகு குடுத்து டிஎன்ஏ டெஸ்ட் எடுக்குறதுதான் ஒரே வழி.

அடுத்தது வயசு. பட்ஜிக்கு பத்து பன்னெண்டு மாசம், ஆஃப்ரிக்கன் லவ் பேர்டுக்கு ஒரு வருஷம், காக்டீலுக்கு ஒன்றரை வருஷம், ரிங்நெக்குக்கு (கழுத்துல வளையம் இருக்குற நீள வால் கிளி) மூணு வருஷம் வரைக்கும் கூட ஆகும். ஆறு மாசத்துலயே முட்டை போட்டுச்சுன்னு யாராவது பெருமையா சொன்னா நம்பலாம், போடும்தான், ஆனா அந்தப் பெட்டைக்கு முட்டை மாட்டிக்கிற ஆபத்தும், குஞ்ச வளக்கத் தெரியாம விட்டுடுற ஆபத்தும் அதிகம்.

இதெல்லாம் சரியா இருந்தும் முட்டை வரலன்னா சூழ்நிலைய பாருங்க. இறகு உதிர்க்கிற நேரத்துல பறவை பெரும்பாலும் முட்டை போடாது, அதுக்கு உடம்புல தெம்பு இருக்காது. வெளிச்சம் ஒரு நாளைக்கு 12ல இருந்து 14 மணி நேரம் வேணும். ஆள் நடக்குற வழி, டிவி பக்கம், பூனை வந்து எட்டிப் பாக்குற ஜன்னல் இதெல்லாம் வேணாம். பட்ஜி கூட்டமா வாழுற பறவை, ஒரே ஒரு ஜோடிய தனியா வச்சா சில சமயம் மூடே வராது, பக்கத்துக் கூண்டுல இன்னும் ரெண்டு ஜோடி கத்துற சத்தம் கேட்டாலே போதும், ஆரம்பிச்சிடும்.

பாக்ஸ் அளவும் பாத்துக்கோங்க. பட்ஜிக்கு சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், 15 உயரம், வாசல் 4ல இருந்து 5 சென்டிமீட்டர். காக்டீலுக்கு நாலாபக்கமும் 30, வாசல் 7 இல்ல 8. தரையில முட்டை உருளாம நிக்க ஒரு குழி கண்டிப்பா இருக்கணும். பானைல கூட வைக்கலாம், நல்லாவே பொரிக்கும், ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு பாக்குறதும் சுத்தம் பண்றதும் கஷ்டம்ங்கிறதால புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு மேல திறக்குற மர பாக்ஸ்தான் என்னோட ஓட்டு.

பெட்டை ஆண அடிக்குது, இல்லன்னா கூண்டே ரணகளமா இருக்கு

பட்ஜில பெட்டைதான் ரவுடி. லேசா கொத்துறது, விரட்டுறது சகஜம், ரத்தம் வந்தா உடனே பிரிங்க, சேந்துடும்னு காத்திருக்காதீங்க. ஒரே கூண்டுல பல ஜோடி வச்சிருந்தா சண்டை முக்கால்வாசி பாக்ஸுக்காகத்தான் இருக்கும், ஜோடிய விட ஒண்ணு ரெண்டு பாக்ஸ் கூடுதலா, எல்லாத்தையும் ஒரே உயரத்துல மாட்டுங்க, உயரத்துல இருக்குறதுக்குத்தான் எல்லாம் அடிச்சுக்கும். ஜோடி இல்லாத ஒத்தை பெட்டைய அந்தக் கூண்டுல விடவே கூடாது, அது அடுத்த பாக்ஸுக்குள்ள பூந்து முட்டைய உடைக்கும், குஞ்சக் கொல்லும்.

முட்டை போட்டுச்சு, ஆனா எல்லாமே கூமுட்டை

முதல்ல அது நெஜமாவே கூமுட்டைதானான்னு பாருங்க. பட்ஜி ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டை போடும், மொத்தம் நாலுல இருந்து ஆறு, சிலது எட்டு வரைக்கும். முதல் முட்டை போட்ட அன்னைக்கே ஒழுங்கா அடை உக்காரும்னு இல்ல, பல பெட்டைங்க ரெண்டாவது மூணாவது முட்டைக்கு அப்புறம்தான் சீரியஸா உக்காரும், அதனால குஞ்சு பொரிய ஆகுற 18 நாள் கணக்க முட்டை போட்ட தேதில இருந்து போடாதீங்க, உக்காந்த தேதில இருந்து போடுங்க. காக்டீலுக்கு 18ல இருந்து 21 நாள், ஆஃப்ரிக்கன் லவ் பேர்டுக்கு 22, 23 நாள்.

அடை உக்காந்து ஆறேழு நாள் ஆனதும் இருட்டுல சின்ன டார்ச்ச முட்டைக்கு அடியில வச்சு பாருங்க. செவப்பு நரம்பு வலை மாதிரி தெரிஞ்சா உயிர் இருக்கு. வெறும் மஞ்சளா, தெளிவா இருந்தா கரு இல்ல. செவப்பா ஒரு வளையம் மட்டும் தெரிஞ்சா கரு ஆரம்பிச்சு பாதில செத்துப்போச்சு. சந்தேகமா இருந்தா இன்னும் மூணு நாள் விட்டு பாருங்க, முட்டைய தூக்கிப் போட்டுட்டு அப்புறம் வருத்தப்படுறதுல பிரயோஜனம் இல்ல.

நெஜமாவே கரு இல்லன்னா முதல்ல கம்ப ஆட்டிப் பாருங்க. சிரிக்காதீங்க, உக்காருற கம்பு லூஸா சுத்துச்சுன்னாலோ வழவழன்னு பிளாஸ்டிக்கா இருந்தாலோ சேரும்போது பிடிமானம் இல்லாம வழுக்கிடும், முட்டை பூரா கூமுட்டையா போகும். கொஞ்சம் தடிமனான மரக்கம்ப ரெண்டு பக்கமும் டைட்டா மாட்டினாலே அடுத்த தடவை சரியான கேஸ் நிறைய. இறகு ரொம்ப அடர்த்தியான ஷோ பட்ஜியா இருந்தா பின்பக்க ஓட்டைய சுத்தி இருக்குற இறகு மறைக்கும், அத லேசா கத்தரிக்கலாம். ஆண் ரொம்ப சின்னதாவோ ரொம்ப வயசானதாவோ குண்டாவோ இருந்தாலும் இதே கதைதான்.

ஒரே பாக்ஸ்ல எட்டு, பத்து முட்டை, அத்தனையும் கூமுட்டைன்னா நீங்க வச்சிருக்குறது ரெண்டு பெட்டை. மேல போய் மூக்குத் தோல் கதைய இன்னொரு தடவை படிங்க.

கரு இருந்துச்சு, குஞ்சு முட்டைக்குள்ளயே செத்துப்போகுது

கடைசி நாள்ல செத்தா முதல்ல ஈரப்பதத்த சந்தேகப்படணும். காத்து ரொம்ப காஞ்சிருந்தா ஓட்டுக்கு உள்ள இருக்குற சவ்வு காஞ்சு குஞ்சோட ஒட்டிக்கும், அதால திரும்பி ஓட்ட உடைக்க முடியாது. பெட்டை குளிக்கிற மாதிரி ஒரு அகலமான கிண்ணத்துல தண்ணி வைங்க, அது நனைஞ்ச இறகோட உள்ள போய் உக்காரும், அதுவே போதும். முட்டை மேல நீங்க ஸ்ப்ரே அடிக்க வேணாம். ஆரம்ப நாள்லயே செத்தா முட்டைய அடிக்கடி எடுத்துப் பாத்தது, பெட்டை பயந்து எந்திரிச்சு முட்டை ஆறிப்போனது, அழுக்குக் கையால தொட்டு கிருமி உள்ள போனது இதெல்லாம் காரணமா இருக்கலாம். திரும்பத் திரும்ப அதே ஜோடிக்கு நடந்தா ரெண்டும் ஒரே பாக்ஸ்ல பொறந்த அண்ணன் தங்கச்சியான்னு வித்தவங்ககிட்ட கேளுங்க.

குஞ்சு ஓட்டுல கீறல் விட்டதும் வெளிய வர ஒரு நாள், ஏன் ரெண்டு நாள் கூட ஆகலாம். அந்த நேரத்துலதான் மஞ்சள் கருவையும் ஓட்டுப் பக்கம் ஓடுற ரத்தத்தையும் உடம்புக்குள்ள இழுத்துக்கும். பாவம்னு நீங்க ஓட்ட உரிச்சா ரத்தம் கசிஞ்சு செத்துடும். கை வைக்காம இருக்குறதுதான் இங்க வைத்தியம்.

பெட்டை இறக உப்பிக்கிட்டு கூண்டுத் தரையில உக்காந்திருக்கு, வால் மேலயும் கீழயும் ஆடுது

இது எமர்ஜென்சி, மத்தத அப்புறம் படிக்கலாம். முட்டை உள்ள மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். முக்கும், மூச்சு வாங்கும், பின்பக்கம் வீங்கியிருக்கும், சில சமயம் முட்டை நரம்ப அழுத்துறதால கால் விளங்காத மாதிரி நொண்டும். சில மணி நேரத்துலயே செத்துப்போகக் கூடிய விஷயம் இது.

முதல் வேலை சூடு. சின்னப் பெட்டில மெத்துன்னு துணி போட்டு பறவைய விட்டு, ஒரு பக்கம் மட்டும் பல்ப் இல்ல சுடுதண்ணி பாட்டில் வச்சு சுமார் 30 டிகிரி செல்சியஸ் வர்ற மாதிரி பண்ணுங்க, ஒரு பக்கம்னு சொல்றது ஏன்னா சூடு அதிகமானா அது நகந்துக்கணும். பக்கத்துல ஒரு கிண்ணத்துல ஆவி வர்ற சுடுதண்ணி வச்சா காத்துல ஈரம் கிடைக்கும், பறவை அதுக்குள்ள விழாத மாதிரி வைங்க. அப்படியே பறவை பாக்குற டாக்டருக்கு போன் பண்ணுங்க, அவர் கால்சியம் ஊசி போட்டா பல சமயம் முட்டை தானா வந்துடும்.

வயித்த அமுக்கி முட்டைய வெளிய தள்ளப் பாக்காதீங்க. உள்ள உடைஞ்சா ஓடு கிழிச்சு பறவை பொழைக்காது. எண்ணெய் விட்டா வழுக்கி வந்துடும்னு சொல்லுவாங்க, அத நம்பி பொழுத ஓட்டாதீங்க.

ஏன் வருதுன்னா கால்சியமும் வைட்டமின் டி3யும் பத்தாதது, குளிர், ரொம்ப சின்ன வயசு, கொழுப்பு, ஓயாம முட்டை போட வச்சது. வெறும் தினை மட்டும் தின்னுற பறவைக்கு ஓடு செய்ய சரக்கு இல்ல, எலும்புல இருந்துதான் எடுக்கணும். கடல்நுரைய (கணவாய் மீன் ஓடு) பாக்ஸ் மாட்டினப்புறம் வைக்காதீங்க, ரெண்டு மாசம் முன்னாடியே கூண்டுல தொங்கணும். கூடவே ஓட்டோட நசுக்கின அவிச்ச முட்டை, முளைகட்டின தானியம், கீரை. டி3 வெயில் பட்டாதான் உடம்புல உருவாகும், கண்ணாடி வழியா வர்ற வெயிலுக்கு அந்த வேலை நடக்காது, அதனால காலை இளவெயில் நேரடியா கொஞ்ச நேரம் படட்டும், ஒதுங்க நிழலும் இருக்கட்டும்.

ஒண்ணு மட்டும் பயந்துடாதீங்க: அடை உக்காருற பெட்டை எச்சத்த அடக்கி வச்சு ஒரே தடவையா பெருசா, நாத்தத்தோட போடும். அது நோய் இல்ல.

முட்டைய உடைச்சு திங்குது

கால்சியம் பத்தலயான்னு முதல்ல பாருங்க. நல்ல தீனி குடுத்தும் தொடந்தா அது பழக்கமாயிடுச்சு, பொய் முட்டை ரெண்டு மூணு உள்ள வைங்க, கொத்திக் கொத்தி அலுத்துப்போய் விட்டுடும். ஆண்தான் உடைக்குதுன்னு தெரிஞ்சா பட்ஜில ஆண பிரிச்சு வைக்கலாம், ஏன்னா அங்க அடை உக்காருறது பெட்டை மட்டும்தான், ஆனா பெட்டை வெளிய வந்து தானா சாப்பிடுதான்னு கவனிக்கணும். காக்டீல்ல இந்த வேலை நடக்காது, அங்க ஆணும் பெட்டையும் மாறி மாறி உக்காரும், பகல் ட்யூட்டி பெரும்பாலும் ஆணோடது.

குஞ்சு பொரியுது, ஆனா ஒண்ணு ஒண்ணா செத்துப்போகுது

குஞ்சோட தொண்டைக்குக் கீழ இருக்குற தீனிப்பைய, அதான் கிராப், பாருங்க. நிறைஞ்சு உருண்டையா இருந்தா ஊட்டுறாங்க. காலையிலயும் சாயங்காலமும் காலியா, தட்டையா இருந்தா ஊட்டல. ஆறு முட்டை போட்ட பட்ஜில முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் பத்து நாள் வரைக்கும் வித்தியாசம் வரலாம், பெருசு சின்னத மிதிச்சே கொன்னுடும், இல்ல தீனிய பூரா அதுவே வாங்கிக்கும். அதனாலதான் முடிஞ்சா ரெண்டு மூணு ஜோடிக்கு ஒரே வாரத்துல பாக்ஸ் மாட்டச் சொல்றது, ஒரே சைஸ் குஞ்சுங்கள மாத்தி வைக்கலாம், பட்ஜி பெரும்பாலும் அடுத்தவங்க குஞ்சையும் ஏத்துக்கும்.

சாப்பாடு விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது. குஞ்சு இருக்குற வீட்டுல காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை முட்டையும் முளைகட்டினதும் புதுசா வைங்க, அத ரெண்டு மணி நேரத்துல எடுத்துடுங்க, கெட்டுப்போன முட்டை குஞ்சுக்கு விஷம். அவகாடோ, சாக்லேட், வெங்காயம் பக்கமே வேணாம். நான்ஸ்டிக் பாத்திரம் சூடு அதிகமாகி புகைஞ்சா அந்தக் காத்துலயே பறவை நிமிஷத்துல செத்துடும், அதனால கிச்சன் பக்கம் கூண்டு வைக்காதீங்க.

பெரிய பறவைங்களும் சேந்து சோர்ந்து, மூக்கு ஒழுகி, பச்சையா எச்சம் போட்டா வேற விஷயம், டாக்டர்கிட்ட போங்க. கிளாமிடியா கிருமியா இருந்தா மனுஷங்களுக்கும் பரவும், வீட்டுல யாருக்காவது காய்ச்சல், இருமல்னா கிளி வளக்குறோம்னு உங்க டாக்டர்கிட்ட வாய் திறந்து சொல்லுங்க. இல்லன்னா அவருக்கு தோணாது.

குஞ்சோட கால் ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சு தவளை மாதிரி கிடக்கு

பாக்ஸ் தரை வழுக்குது, அல்லது குழி இல்ல, அல்லது கால்சியம் இல்ல, சில சமயம் பெட்டை ரொம்ப அழுத்தி உக்காருது. மரத்தூள் ரெண்டு சென்டிமீட்டர் போடுங்க (தேவதாரு மரத்தூள் மட்டும் வேணாம், அதோட வாசம் மூச்சுக்குக் கெடுதல்). எலும்பு இறுகுறதுக்கு முன்னாடி, முதல் ரெண்டு வாரத்துக்குள்ள, மெத்துன்னு டேப் வச்சு ரெண்டு காலையும் சரியான இடைவெளில கட்டிவிட்டா நேராகும். முதல் தடவைன்னா தெரிஞ்சவங்க முன்னாடி கட்டுங்க, டைட்டா கட்டினா ரத்த ஓட்டம் நின்னு காலே போயிடும். மூணு நாலு வாரம் தாண்டினா திரும்புறது கஷ்டம்.

குஞ்சு முதுகு வழுக்கை, சில சமயம் ரத்தம்

பெட்டை அடுத்த முட்டைக்கு ரெடி ஆயிடுச்சு, இருக்குற குஞ்ச காலி பண்ணச் சொல்லுது. இன்னொரு பாக்ஸ் மாட்டினா சில பெட்டை அங்க போயிடும். மூணரை நாலு வாரக் குஞ்சா இருந்தா ஆணோட தனிக் கூண்டுல விடலாம், பட்ஜி அப்பாக்கள் நல்லாவே ஊட்டுவாங்க. குஞ்சு அஞ்சு வாரத்துல பாக்ஸ விட்டு வெளிய வந்துடும், ஆனா வெளிய வந்த அன்னைக்கே தனியா பிரிக்காதீங்க, தானியத்த தானா உரிச்சு தின்னு கிராப் நிறையுதான்னு ஒரு வாரமாவது பாத்துட்டுதான்.

முதுகு மட்டும் இல்லாம, பறக்கப்போற நேரத்துல சிறகு, வால்ல இருக்குற நீள இறகு பூரா கொத்துக்கொத்தா விழுந்தா அது அம்மா வேலை இல்ல, வைரஸா இருக்கலாம், பாலியோமா இல்லன்னா சர்க்கோ. எல்லா பாக்ஸையும் இறக்குங்க, பிரீடிங்க நிறுத்துங்க, டெஸ்ட் எடுக்காம ஒரு குஞ்சையும் யாருக்கும் குடுக்காதீங்க. விக்கிறவங்க இதுல கண்ண மூடிக்கிறதாலதான் வீட்டுக்கு வீடு பரவுது.

கையால ஊட்டுறேன், கிராப் காலியாகவே மாட்டேங்குது

கலவை ஆறிப்போயிருக்கும், இல்ல குஞ்சு இருக்குற பெட்டி குளிர்ந்திருக்கும், ஜீரணம் நின்னுடும். தெர்மாமீட்டர் வச்சு 39, 40 டிகிரி பாருங்க, 42 தாண்டினா கிராப் வெந்து ஓட்டையே விழும், மைக்ரோவேவ்ல சூடு பண்ணா அங்கங்க மட்டும் கொதிக்கும் அதனால அது வேணாம். பழசு இறங்காம புதுசு ஊட்டாதீங்க. புளிச்ச வாடை வந்தா டாக்டர். உண்மையச் சொன்னா அப்பா அம்மா உயிரோட ஊட்டிக்கிட்டு இருக்கும்போது, கையில பழகணும்ங்கிற ஒரே காரணத்துக்காக ரெண்டு வாரக் குஞ்ச வெளிய எடுக்குறது புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு வேண்டாத வேலை. பாக்ஸ்லயே வளரட்டும், தினமும் பத்து நிமிஷம் கையில எடுத்து வச்சிருந்தாலே பழகிடும்.

நிறுத்தாம முட்டை போட்டுக்கிட்டே இருக்கு

வருஷத்துக்கு ரெண்டு ஈடு போதும், அதுக்கு மேல பெட்டைய உருக்கி குஞ்சா மாத்துறீங்கன்னு அர்த்தம். கடைசிக் குஞ்சு வெளிய வந்ததும் பாக்ஸ கழட்டிடுங்க, வெளிச்சத்த பத்து மணி நேரத்துக்கு குறைங்க, முட்டை, முளைகட்டினது எல்லாம் நிறுத்தி சாதாரண தீனிக்கு வாங்க, கூண்ட இடம் மாத்தி வைங்க. ஆணே இல்லாம தனியா இருக்குற பெட்டை முட்டை போட்டா உடனே எடுக்காதீங்க, எடுத்தா காணோமேன்னு இன்னும் நாலு போடும். மூணு வாரம் அதுவே உக்காந்து அலுத்து எந்திரிச்சதும் எடுங்க. அப்படியும் தரையில, தீனிக் கிண்ணத்துலன்னு எங்க பாத்தாலும் போட்டுக்கிட்டே இருந்தா டாக்டர்கிட்ட ஹார்மோன் ஊசி பத்தி கேளுங்க, நிறுத்த வழி இருக்கு.